தனுஷ்கோடிக்கு நாயோடு வருகிறவர்களுக்கு: கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, மதுரையிலிருந்து எங்கள் லாப்ரடாரோடு காரில் வருகிறோம். தனுஷ்கோடியின் கடைசியில் இருக்கும் அரிச்சல்முனை வரை போகலாமா?

போகலாம் தம்பி. 2017-இல் தார் ரோடு போட்ட பிறகு சொந்த வண்டியே முனை வரை போகிறது. ஆனால் விடிந்ததும் போய், வெயில் ஏறுமுன் திரும்பிவிடுங்கள், ஏனென்றால் அங்கே நிழல் கிடையாது, மணல் சூடாகிவிட்டால் நாயின் பாதம் வெந்துவிடும். புறங்கையை மணலில் ஐந்து விநாடி வைத்துப் பாருங்கள், உங்களால் தாங்க முடியவில்லை என்றால் அதற்கும் முடியாது. தண்ணீரைத் தாராளமாக எடுத்து வாருங்கள். மணலில் தோண்டி வைத்திருக்கும் ஊற்றுகளில் மட்டும் நாயை வாய் வைக்க விடாதீர்கள், அங்கே இருக்கும் மீனவக் குடும்பங்கள் குடிப்பது அந்தத் தண்ணீரைத்தான்.

கேள்வி: ஆளில்லாத கரைதானே, செயினை அவிழ்த்து விட்டால் என்ன சார்?

தயவுசெய்து வேண்டாம். ஆள் இல்லையே தவிர, கரை காலியாக இல்லை. ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் என்னும் கடலாமைகள் இதே மணலில் ஏறி முட்டையிடுகின்றன, வனத்துறை ஆட்கள் அதிகாலையில் நடந்து தேடி முட்டைகளைப் பொரிப்பகத்துக்குக் கொண்டுபோகிறார்கள், அவர்கள் கண்ணில் படாத குழியை நாய் மோப்பம் பிடித்துத் தோண்டினால் ஒரே நேரத்தில் நூறு முட்டைக்கு மேல்கூடப் போய்விடும். ரோட்டோரத் தேங்கு நீரில் நிற்கும் பூநாரைகளும் (ஃபிளமிங்கோ) அப்படித்தான். தூரத்திலிருந்து வந்து மேய்கிற பறவை, நாய் ஒருமுறை துரத்தினாலே கூட்டம் மொத்தமும் எழும்பிவிடும். 2025 ஜூனில் அந்தப் பகுதியைப் பூநாரைச் சரணாலயமாகவே அறிவித்துவிட்டார்கள். அங்கே நாயைக் காரை விட்டு இறக்காமல் இருப்பதே நல்லது.

கேள்வி: கடலில் நீந்த விடலாமா?

முனையில் கூடவே கூடாது, இரண்டு கடலும் சேருமிடம், நீரோட்டம் ஆளையே இழுத்துவிடும். தெற்கே ஆண்கடல், வடக்கே பெண்கடல் என்று இங்கே சொல்வார்கள், வடக்குப் பக்கம்தான் அமைதி. நாய்க்காகவே வருவதென்றால் நான் உச்சிப்புளி பக்கம் அரியமான் கரையைச் சொல்வேன்: அலை குறைவு, ஆழம் குறைவு, சவுக்கு நிழலும் உண்டு. அங்கேயும் நீளக் கயிறு இருக்கட்டும். உப்புத் தண்ணீரைக் குடித்தால் வாந்தியும் பேதியும் வரும், அதனால் நடுநடுவே நல்ல தண்ணீர் கொடுங்கள், முடிந்ததும் நல்ல தண்ணீரில் குளிப்பாட்டுங்கள்.

கேள்வி: கரையில் கிடக்கும் மீனைத் தின்றால்?

இதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பயம். வலையில் சிக்கும் பேத்தை மீனை, அதாவது பலூன் போல உப்பும் மீனை, மீனவர்கள் கரையிலேயே வீசிவிடுவார்கள், அதன் ஈரலிலும் முட்டையிலும் தோலிலும் இருக்கும் விஷத்துக்கு மாற்று மருந்தே கிடையாது. வாயில் வைத்தது தெரிந்தாலே, கால் தள்ளாடும் வரை காத்திருக்காமல், கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள். முனையிலிருந்து ராமநாதபுரம் டவுனுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதனால் பக்கத்தில் இருக்கும் மருத்துவர் நம்பரைக் கிளம்பும்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கெளுத்தி முள், அறுந்த தூண்டில் முள், சொறி மீன் (ஜெல்லி மீன்) இவற்றையும் பார்த்து நடத்துங்கள்.

கேள்வி: குருசடைத் தீவுக்கு நாயோடு போகலாமா?

நாய்க்கு இல்லை அக்கா. குருசடை உள்பட மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. படகில் போக ஆசையென்றால் வீட்டில் ஒருவர் நாயோடு கரையில் இருங்கள், பூட்டிய காரில் விட்டுவிட்டு மட்டும் போகாதீர்கள்.