மறுமொழி: மேம்பாலம் ஏறும்போது வீல்சேர் மோட்டார் நின்றுவிடுகிறது

வணக்கம் சார். ஏற்றத்தில் மட்டும் மோட்டார் நிற்கிறது, 36 வோல்ட் பேட்டரிக்குப் பதில் 48 போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். கன்ட்ரோலரை (மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி) மாற்றாமல் போடாதீர்கள். 48 வோல்ட் லித்தியம் பேட்டரி முழு சார்ஜில் 54.6 வரை போகும். 36-க்கான கன்ட்ரோலர்கள் பலவற்றில் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் (மின்தேக்கி) 50 வோல்ட்தான் தாங்கும்.

முதலில் பேட்டரி முனையில் மல்டிமீட்டர் மாட்டி, வண்டி போக்குவரத்து இல்லாத ஒரு சரிவில் ஏறிப் பாருங்கள், கூட ஒருவர் நடந்து வரட்டும். முழு சார்ஜில் 42 காட்டியது 31 பக்கம் சரிந்தால் செல்கள் ஓய்ந்துவிட்டன. புதிதாக நல்ல 36 பேட்டரியே போதும். வோல்ட் சரியாமலே மோட்டார் நின்றால் பேட்டரி வயரின் கனெக்டரைக் கழற்றுங்கள். உள்ளே பித்தளை கறுத்து, பிளாஸ்டிக் இளகியிருந்தால் ஆள் அதுதான்.

அப்புறம், மோட்டார் முன் சக்கரத்தில் இருந்து, அந்தச் சக்கரம் சும்மா சுழன்றால் பேட்டரியைக் குறை சொல்லாதீர்கள். ஏற்றத்தில் எடை பின்பக்கம் போய்விடும், கொஞ்சம் முன்னால் சாய்ந்து உட்காருங்கள்.