திருநெல்வேலியிலிருந்து கேட்கிறேன்: தாடை மூட்டின் நுண்ணோக்கி ஸ்லைடில் ஹயலின் (கண்ணாடி போல் வழவழப்பான) குருத்தெலும்பைக் காணோமே, ஸ்லைடு தப்பா?

ஸ்லைடு சரிதான். முழங்கால் மூட்டில் பார்த்த ஹயலின் குருத்தெலும்பைத் தாடை மூட்டில் தேடினால் கிடைக்காது. திருநெல்வேலிக்காரர் என்று கேள்வியிலேயே சொல்லிவிட்டீர்கள், அதனால் சுருக்கமாக: அங்கே இருப்பது நுங்கு, இங்கே இருப்பது பனைநார்.

காரணம் பிறப்பிலேயே இருக்கிறது. கீழ்த்தாடை எலும்பு சவ்விலிருந்து உருவாகிறது. கான்டைலின் (மூட்டில் பொருந்தும் கீழ்த்தாடையின் உருண்டை முனை) குருத்தெலும்பு பிறகு வந்து சேர்ந்தது. மேலே இருந்த நார்ப்போர்வை அப்படியே தங்கிவிட்டது. அதில் பெரும்பாலும் முதல் வகைக் கொலாஜன் என்ற நார்ப்புரதம். அவித்த பனங்கிழங்கை மெல்லும்போது கான்டைல் அமுங்குவதோடு வழுக்கியும் ஓடுகிறது. அந்த இழுவையை நார் தாங்கும்.

மூட்டு இடைவெளியிலிருந்து எலும்பை நோக்கி இறங்குங்கள். முதலில் மேற்பரப்புக்கு இணையாக ஓடும் நார்கள். இடையே தட்டையான நியூக்ளியஸ்கள் (செல் கருக்கள்), ரத்தக் குழாய் கிடையாது. அடுத்து கருநீலமாக, சின்னச் சின்ன நியூக்ளியஸ்கள் நெருக்கியடித்து நிற்கும் ஒரு குறுகிய பட்டை. இதுதான் அடையாளம், இதை முதலில் பிடியுங்கள். கீழே உள்ள குருத்தெலும்புக்குச் செல்களைக் கொடுப்பது இந்தப் பட்டைதான். வயதாக ஆக மெலியும், சில இடங்களில் இல்லாமலே போகும். அதற்கடியில் உருண்ட செல்களுடன் நார்க்குருத்தெலும்பு, பிறகு சுண்ணமேறிய அடுக்கு, எலும்பு.

டிஸ்க், அதாவது மூட்டின் இரு எலும்புகளுக்கும் நடுவே உள்ள நார்த்தட்டு, நடுவில் சுமார் 1 மி.மீ. தடிமன், முன்னால் 2, பின்னால் 3. பத்தமடைப் பாயில் கோரை ஒரு திசை, பாவுநூல் ஒரு திசை இல்லையா? இங்கேயும் நடுப்பகுதி நார்கள் முன்பின்னாக ஓடும், டிஸ்கின் தடித்த முன் பின் பட்டைகளில் பெரும்பாலும் குறுக்காக ஓடும். அதனால் முன்பின்னாக வெட்டிய ஸ்லைடில் நடுவே நீள நூல்களும் பட்டைகளில் புள்ளிகளும் தெரியும். பலர் இதை வேறு திசு என்று எழுதி மதிப்பெண் இழப்பார்கள். நடுப்பகுதியில் ரத்தக் குழாயும் இல்லை, நரம்பும் இல்லை.

டிஸ்குக்குப் பின்னால் உள்ள திசுவில் இவை இரண்டுமே தாராளம். டிஸ்க் முன்னே நழுவினால் கான்டைல் அமுக்குவது இதைத்தான், வலி அதனால்தான். அதன் மேலடுக்கில் உள்ள எலாஸ்டிக் (இழுபடும்) நார் வழக்கமான ஹெச் அண்ட் ஈ (ஹிமடாக்ஸிலின், ஈயோசின்) சாயத்தில் தெளிவாகத் தெரியாது; வெர்ஹாஃப் சாயத்தில் கறுப்பாகத் தெரியும்.

மூட்டுத் திரவம் சுரக்கும் சைனோவியல் படலம் கேப்ஸ்யூலின் (மூட்டைச் சுற்றிய உறை) உள்பக்கம் மட்டும், ஒன்று முதல் நான்கு செல் தடிமன். உராயும் பரப்பின்மேல் அதை வரையாதீர்கள்.

ஸ்லைடு நீங்களே தயாரித்தால், 10 சதவீத ஃபார்மலினில் பதப்படுத்தி, கால்சியத்தை மெல்லப் பிரித்தெடுக்கும் ஈ.டி.டி.ஏ.வில் வாரக்கணக்கில் சுண்ணாம்பு நீக்குங்கள். அவசரப்பட்டு அமிலத்தில் போட்டு நேரம் தவறவிட்டால் நியூக்ளியஸ் கருநீலச் சாயமான ஹிமடாக்ஸிலினை ஏற்காது. நான் சொன்ன கருநீலப் பட்டையே காணாமல் போகும். சுண்ணாம்பு மிச்சமிருந்தால் கத்தி திசுவைக் கிழிக்கும். சாய்வாக வெட்டினால் எல்லா அடுக்கும் தடித்துக் காட்டும். சந்தேகம் தீராவிட்டால் சஃப்ரனின் ஓ என்ற சிவப்புச் சாயம் போட்டுப் பாருங்கள்: மேல் நாரடுக்கு சிவப்பை அவ்வளவாகப் பிடிக்காது, குருத்தெலும்பு அடுக்கு சிவந்து நிற்கும்.