குழாய் முலாம் உரிகிறது, ஆசிட் போட்டீர்கள் என்கிறது கம்பெனி

கேள்வி: சமையலறை சிங்க்குக்கும் மாடி வாஷ்பேசினுக்கும் ஒரே மாடலில் தங்க நிறக் குழாய்கள் வாங்கினோம். பில்லிலேயே ஃபினிஷுக்கு 5 ஆண்டு வாரண்டி என்று இருக்கிறது. 14 மாதத்தில் சிங்க் குழாய் செதில் செதிலாக உரிகிறது. ஆசிட் கலந்த கிளீனர் போட்டதால் வாரண்டி செல்லாது என்று கம்பெனி கையை விரித்துவிட்டது. உப்புக்கறை போக இரண்டு முறை பாத்ரூம் கிளீனர் போட்டது உண்மைதான். மாடிக் குழாயில் எதுவும் போட்டதில்லை, அதிலும் இப்போது சின்னக் கொப்புளங்கள் தெரிகின்றன. வழக்குப் போடலாமா?

பதில்: போடலாம், ஆனால் அந்த அளவுக்குப் போகாமலே முடிய வாய்ப்பு இருக்கிறது. நீங்கள் போகிற போக்கில் சொன்ன மாடிக் குழாய்தான் உங்கள் முக்கிய சாட்சி.

வாரண்டி தாளில் 'ரசாயன கிளீனர் பயன்படுத்தினால் செல்லாது' என்று இருக்கும். அதைக் காட்டிவிட்டால் விஷயம் முடிந்தது என்று கம்பெனிக்காரர் நினைக்கிறார். முடியவில்லை. விதிவிலக்கைக் காட்டித் தப்பிக்கப் பார்ப்பவர்தான் அது இங்கே பொருந்துகிறது என்றும் காட்ட வேண்டும், பெரும்பாலான இடங்களில் சட்டம் இப்படித்தான் பார்க்கிறது. நீங்கள் எப்போதோ கிளீனர் போட்டீர்கள் என்பது வேறு, அந்தக் கிளீனரால்தான் முலாம் உரிந்தது என்பது வேறு. அதோடு அந்த நிபந்தனை வாங்கும்போது உங்கள் கண்ணில் பட்டதா, இல்லை பெட்டியைப் பிரித்த பிறகு உள்ளே மடித்து வைத்த தாளில் இருந்ததா என்பதும் கணக்கில் வரும்.

இப்போது குழாயைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஆசிட் மேலிருந்து அரித்தால் பெரும்பாலும் அது வழிந்த தடமே தெரியும், பளபளப்பு போய் மங்கலாக இருக்கும், தண்ணீர் தேங்கும் அடிப்பகுதியில் அதிகமாக இருக்கும். முலாம் சரியாக ஒட்டாமல் போனால் அடியிலிருந்து கொப்பளித்து, ஓரத்தை நகத்தால் நெம்பினால் வெங்காயத் தோல் மாதிரி பிரிந்து வரும் (நெம்பிப் பார்க்காதீர்கள், படம் மட்டும் எடுங்கள்). ஆனால் ஆசிட்டும் முலாமில் இருக்கும் ஊசித் துளைகள் வழியே இறங்கி உள்ளே கொப்புளம் கிளப்பும். அதனால் சிங்க் குழாயை மட்டும் வைத்து வாதாடினால் எதிர்த் தரப்பு இதைத்தான் சொல்லும். எதுவுமே படாத மாடிக் குழாயிலும் அதே கொப்புளம் என்றால் அந்தப் பதில் எடுபடாது.

செய்ய வேண்டியது இதுதான். இரண்டு குழாயையும் நல்ல வெளிச்சத்தில் கிட்டத்திலிருந்து தேதியோடு படம் எடுங்கள், பில், பெட்டி, பராமரிப்புத் தாள், அந்தக் கிளீனர் பாட்டில் எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள். அப்புறம் கடைக்கும் கம்பெனிக்கும் சேர்த்து எழுத்தில் புகார் கொடுங்கள், மறுப்பதாக இருந்தால் காரணத்தையும் எழுத்திலேயே கேளுங்கள். ஃபோனில் பேசியதெல்லாம் காற்றோடு போய்விடும். கிளீனர் போட்டதை மறைக்க வேண்டாம், இரண்டு முறை என்று உள்ளபடியே எழுதுங்கள். பின்னால் அவர்கள் கண்டுபிடித்தால் மாடிக் குழாயைப் பற்றி நீங்கள் சொல்வதையும் யாரும் நம்ப மாட்டார்கள். பதில் வராவிட்டால் வக்கீல் நோட்டீஸ், அதற்கும் அசையாவிட்டால் நுகர்வோர் மன்றம். புகாருக்குக் கால வரம்பு உண்டு, அது நாட்டுக்கு நாடு மாறும், ஆகவே தள்ளிப்போடாதீர்கள்.

கேட்கும் தொகையிலும் நிதானம் வேண்டும். குழாய் விலை, பிளம்பர் கூலி, அலைந்த செலவு, இதெல்லாம் நியாயம். மன உளைச்சல் என்று பெரிய தொகை எழுதினால் உங்கள் புகாரே விளையாட்டாகிவிடும்.

அடுத்த முறை வாங்கும்போது தங்க நிறம் எப்படி வந்தது என்று கேளுங்கள். வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படியவைக்கும் பிவிடி முறையா, மின்முலாமா, மேலே பூசும் வார்னிஷ் மாதிரியான வெறும் லாக்கரா என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். பிவிடி பொதுவாக மற்ற இரண்டையும்விடக் கெட்டி. லாக்கர் இல்லாத பித்தளை கறுக்கத்தான் செய்யும், அது குறையே இல்லை, அதற்கு வழக்குப் போட்டால் தோற்பீர்கள். அதிகம் மெனக்கெட முடியாதென்றால் குரோம் போதும் என்பது என் கருத்து, ஆனால் அதையும் ஹைட்ரோகுளோரிக் ஆசிட் விடாது. வெறும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் உரிந்துபோக முலாமே கிடையாது, ஆனால் ப்ளீச் பட்டுத் தேங்கினால் புள்ளி புள்ளியாக அரிக்கும். எந்த ஃபினிஷானாலும் பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த தண்ணீரும் மென்மையான துணியும் போதும், கடைசியில் ஈரத்தைத் துடைத்துவிட்டால் உப்பு அவ்வளவாகப் படியாது.

கம்பெனி புதுக் குழாய் தர ஒப்புக்கொண்டால் 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்ற தாளை நீட்டுவார்கள், மாடிக் குழாயும் அதில் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். எல்லாம் முடியும்வரை கழற்றிய பழைய குழாயை பிளம்பர் எடுத்துப்போக விடாதீர்கள்.