ஷெவெலுக்கு டிஸ்க் பிரேக்: முன்னாடி ரெண்டு போதும், ஆனா வேலை பெடல்ல ஆரம்பிக்குது

கேள்வி: அண்ணா, மிச்சிகன்ல டிராய் பக்கம் இருக்கேன். போன வருஷம் 1966 ஷெவர்லே ஷெவெல் மலிபு வாங்கினேன். 283 வி8 என்ஜின், பவர்கிளைட் ஆட்டோமேட்டிக் கியர், நாலு வீல்லயும் டிரம் பிரேக், 14 இன்ச் ஸ்டீல் வீல். ஐ-75 ஹைவேல 70 மைல் வேகத்துல ஒரு தடவை பிரேக் புடிச்சா நிக்குது, உடனே ரெண்டாவது தடவை புடிச்சா பெடல் கீழ போகுது, வண்டி இடது பக்கம் இழுக்குது. வீட்டுக்காரம்மா ஏறவே மாட்டேங்கறாங்க. நாலு வீலுக்கும் டிஸ்க் கிட் போட்ருன்னு எல்லாரும் சொல்றாங்க. போடணுமா? பூஸ்டர் வேணுமா? பழைய ஓனர் என்ஜின் கேம் ஷாஃப்ட்டை மாத்தி வச்சிருக்கார், ஐடில்ல குலுங்கிக் குலுங்கி ஒரு சத்தம் வரும், அதை விட எனக்கு மனசில்ல. பழைய வீலே போடலாமா? கராஜ்ல நானே பண்ணிக்கலாமா?

பதில்:

தம்பி, கிட் ஆர்டர் பண்றதுக்கு முன்னாடி ஒரு சனிக்கிழமை ஒதுக்கி நாலு டிரம்மையும் கழட்டிப் பாருங்க. இடது பக்கம் இழுக்குதுன்னா ஏதோ ஒரு பக்கம் வீல் சிலிண்டர் கசியுது, இல்ல டிரம்மை உள்ளிருந்து உரசி நிறுத்தற ஷூல கிரீஸ் பட்டிருக்கு, இல்ல ரப்பர் ஹோஸ் உள்ளுக்குள்ள ஊதி அடைச்சுக்கிட்டு இருக்கு, பெரும்பாலும் இதுல ஒண்ணாத்தான் இருக்கும், பின்னாடி டிரம் எப்படியும் வண்டியில தங்கப்போகுது அதனால அந்தப் பழுதைச் சரி பண்ணாம முன்னாடி மட்டும் புதுசு போட்டா பாதி தலைவலி அப்படியே இருக்கும். ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க, அந்தக் காலத்து பிரேக் ஷூல ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கும். கம்ப்ரஸர் காத்து அடிச்சு தூசியைக் கிளப்பாதீங்க, பிரேக் கிளீனர் ஸ்ப்ரே பண்ணி நனைச்சுத் துடைச்சு கவர்ல கட்டிப் போடுங்க.

அடுத்து பானெட்டைத் திறந்து, பெடலை மிதிச்சா ஃப்ளூயிடைத் தள்ளற மாஸ்டர் சிலிண்டரைப் பாருங்க. உங்க வண்டியில ஒரே ஒரு கிண்ணம்தான் இருக்கும், அதுல இருந்து கிளம்புற ஒரே லைன்தான் நாலு வீலுக்கும் பிரிஞ்சு போகுது. எங்கயாவது ஒரு ஹோஸ் வெடிச்சுதுன்னா நாலு வீலும் போச்சு, பார்க்கிங் பிரேக்தான் கதி. முன்னுக்கு ஒண்ணு பின்னுக்கு ஒண்ணுன்னு ரெண்டா பிரிச்ச சிஸ்டம் ஷெவெலுக்கு வந்தது 1967 மாடல்லதான், நீங்க சரியா ஒரு வருஷம் முந்தின வண்டியை வாங்கிட்டீங்க. என்னைக் கேட்டா டிஸ்க்கை விட இதுதான் முதல்ல மாத்த வேண்டியது. டிஸ்க் போடாமலே டூயல் மாஸ்டர் சிலிண்டர் மட்டும் மாத்தினாக்கூட உங்க வீட்டுக்காரம்மா பயத்துல பாதி நியாயமா குறையும்.

சரி, டிரம் ஏன் ரெண்டாவது தடவை கைவிடுது? உங்க வண்டி ஆளுங்களோட சேர்த்து சுமாரா 1600 கிலோன்னு வச்சுக்கோங்க. 70 மைல்ல இருந்து ஒரு தடவை நிறுத்தினா கிட்டத்தட்ட 780 கிலோஜூல் சூடா மாறுது. வீட்டு கணக்குல சொன்னா ரெண்டரை லிட்டர் தண்ணிய கொதிக்க வைக்கிற சூடு, அதுவும் நாலஞ்சு செகண்டுல, அதுல மூணுல ரெண்டு பங்குக்கு மேல முன் வீல்தான் வாங்குது ஏன்னா பிரேக் புடிச்சா எடை முன்னாடி சாயும். டிரம் இரும்பு சூடானா விரியும், விரிஞ்சா ஷூவை விட்டு வெளிப்பக்கம் விலகிப் போகும், உங்க பெடல் கீழ போறது அதனாலதான். டிஸ்க்ல வீலோட சுத்தற தட்டுதான் ரோட்டார், அதை ரெண்டு பக்கமும் பேடு வச்சு அமுக்கற கவ்விதான் காலிப்பர். ரோட்டார் சூடானா தடிமன் ஆகும், அதாவது பேடை நோக்கித்தான் வரும்.

இழுக்கறதுக்கும் இதுலயே பதில் இருக்கு. உங்க டிரம்ல ஷூ சும்மா உக்காந்து உரசறது இல்ல, சுத்தற டிரம் முன் ஷூவை தன்னோட இழுத்துக்கிட்டு போய் பின் ஷூ மேல தள்ளும், கால் குடுத்த அழுத்தத்தை டிரம்மே பெருக்கிக்கும். பூஸ்டர் இல்லாமலே அந்தக் காலத்துல இவ்ளோ பெரிய வண்டியை நிறுத்தினது இந்த வித்தையாலதான். ஆனா பெருக்கற கணக்கு நல்லதை மட்டும் பெருக்காதே, ஒரு பக்கம் ஷூ கொஞ்சம் ஈரமாவோ சூடாவோ இருந்தா அந்தச் சின்ன வித்தியாசத்தையும் சேர்த்து பெருக்கிடும், ஸ்டீரிங் கையை விட்டு இழுத்துட்டுப் போகும். 

இங்க ஒரு உண்மையையும் சொல்லிடறேன், கிட் விக்கறவங்க இதைச் சொல்ல மாட்டாங்க. நல்லா அட்ஜஸ்ட் பண்ணின டிரம் முதல் தடவை டயரை லாக் பண்ற அளவுக்கு புடிக்கும். டயர் வழுக்க ஆரம்பிச்சாச்சுன்னா அதுக்கு மேல எந்த டிஸ்க்காலயும் ஒண்ணும் பண்ண முடியாது. அதனால முதல் ஸ்டாப் தூரம் பாதியா குறையும்னு எதிர்பார்க்காதீங்க. நீங்க காசு குடுக்கறது மூணாவது நாலாவது ஸ்டாப்புக்கும், மழையில நேரா நிக்கறதுக்கும்தான். டயர் பத்து வருஷம் பழசா இருந்தா முதல்ல அதை மாத்துங்க.

இப்போ நாலா ரெண்டா. முன்னாடி மட்டும் போதும். பின்னாடி டிரம்முக்கு அங்க பெரிய வேலையே இல்ல, பார்க்கிங் பிரேக்கும் அதுல நல்லா புடிக்கும். பின் டிஸ்க் போட்டா ஆக்ஸில் உருவணும், பார்க்கிங் கேபிள் மாத்தணும், காசு கிட்டத்தட்ட ரெட்டிப்பாகும், கிடைக்கறது அலாய் வீல் சந்துல தெரியற அழகு. உங்க வீல் ஸ்டீல் வீல், அழகும் தெரியாது. 

முன்னாடிக்கு ஷெவர்லேயோட தாய் கம்பெனி ஜிஎம்மோட சாதாரண 11 இன்ச் ரோட்டாரும் ஒத்தை பிஸ்டன் காலிப்பரும் வர்ற கிட்டா பாருங்க. அந்த பேடு எந்த ஆட்டோ பார்ட்ஸ் கடைக்குப் போனாலும் ஷெல்ஃப்ல கிடக்கும். ஆறு பிஸ்டன் சிவப்பு பெயின்ட் காலிப்பர் எல்லாம் உங்க 283க்கு தேவையே இல்ல. வீல் உக்கார்ற உங்க ஸ்பிண்டில்லயே பிராக்கெட் போட்டு மாட்டற கிட்டும் உண்டு, ஸ்பிண்டிலோட வர்ற கிட்டும் உண்டு. வாங்கும்போது ஒரு கேள்வி கேளுங்க: வீலை ஒவ்வொரு பக்கமும் எவ்ளோ வெளிய தள்ளும்? சிலது அரை இன்ச்சுக்கு மேல தள்ளிடும், அப்புறம் முழு திருப்பத்துல டயர் ஃபெண்டர்ல உரசும்.

14 இன்ச் வீல் விஷயத்துக்கு நேரா வர்றேன். டிரம்முக்குன்னு வந்த 14 இன்ச் வீல் பெரும்பாலும் காலிப்பர்ல இடிக்கும். சில கிட் 14க்குள்ள அடங்கும்னு சொல்லுவாங்க, ஆனா எந்த 14ங்கறதுதான் கேள்வி, ஒவ்வொரு வீலோட உள் வளைவும் வேற. நீங்க ஒரு செட் 15 இன்ச் ஸ்டீல் வீல் பாத்துக்கோங்க, போல்ட் கணக்கு 5க்கு 4.75 இன்ச். மாட்டினதும் கையால ஒரு முழு சுத்து சுத்திப் பாருங்க, பேலன்ஸ் வெயிட் காலிப்பர்ல தட்டுதான்னும் பாருங்க.

இனி எல்லாரும் கோட்டை விடற இடம், பெடல். டிஸ்க்குக்கு டிரம் மாதிரி தானா பெருக்கிக்கற வித்தை கிடையாது. அதனால லைன்ல அழுத்தம் நிறைய வேணும், நல்லா அழுத்திப் புடிக்கும்போது 800, 1000 பிஎஸ்ஐ (சதுர இன்ச்சுக்கு இத்தனை பவுண்ட்) வரைக்கும் போகணும். மேனுவல் பெடல் உங்க கால் விசையை சுமாரா 6 மடங்கு ஆக்கும். 100 பவுண்ட் மிதிச்சா 600 பவுண்ட். அது 1 இன்ச் போர், அதாவது உள் விட்டம், இருக்கற மாஸ்டர் சிலிண்டருக்குள்ள போனா சுமார் 760 பிஎஸ்ஐ வரும், 15/16 இன்ச் போர்னா 870 கிட்ட வரும், 1-1/8 இன்ச் போர்னா வெறும் 600. போர் பெருசானா பவர் அதிகம்னு நினைக்கிறது மனுஷ இயல்பு, இங்க அப்படியே தலைகீழ். எனக்கே ஒரு கம்பெனி மேனுவல் கிட்னு சொல்லி 1-1/8 போர் அனுப்பி வச்சது, பெடல் கல்லு மாதிரி இருந்துச்சு, சீட்டுல முதுகை முட்டுக் குடுத்து ரெண்டு காலால மிதிச்சாத்தான் வண்டி நின்னுச்சு. 1 இன்ச் மாத்தினேன், அதே காலிப்பர் அதே பேடு, வேற வண்டி ஆயிடுச்சு. சின்ன போர்னா பெடல் கொஞ்சம் ஆழமா போகும், அது அதுக்குக் குடுக்கற விலை.

பூஸ்டர் வேணுமாங்கறதை உங்க கேம்தான் சொல்லணும். பூஸ்டர் என்ஜினோட வேக்குவத்தை, அதாவது உறிஞ்சற இழுப்பை, வச்சுத்தான் உங்க காலுக்கு உதவும், அந்த மாதிரி குலுங்கற கேம் ஐடில்ல அந்த வேக்குவத்தைக் குறைச்சிடும். பெரிய செலவு இல்ல, ஒரு வேக்குவம் கேஜ் வாங்கி என்ஜினுக்குக் காத்து போற இன்டேக் மேனிஃபோல்ட்ல மாட்டுங்க, என்ஜின் நல்லா சூடானதும் ஒருத்தர் பிரேக்கை மிதிச்சுக்கிட்டு டிரைவ்ல போட்டு ஐடில்ல என்ன காட்டுதுன்னு படிங்க. 18 இன்ச் (பாதரசக் கணக்குல) கிட்ட இருந்தா கவலையே இல்லாம பூஸ்டர் போடலாம். 15க்கு கீழன்னா யோசிங்க. 11, 12ன்னா அந்தக் குலுங்கற சத்தம் உங்க பூஸ்டரோட சாப்பாட்டைத்தான் சாப்பிட்டுக்கிட்டு இருக்கு, முதல் மிதிக்கு உதவும் ரெண்டாவது மிதிக்கு கல்லாயிடும், டிராஃபிக்ல அது ரொம்ப மோசம். ரிசர்வ் டேங்க் ஒரு மிதி ரெண்டு மிதி கூடக் குடுக்கும் அவ்ளோதான். எலெக்ட்ரிக் வேக்குவம் பம்ப் வேலை செய்யும், சத்தம் போடும். பவர் ஸ்டீரிங் பம்ப்ல இருந்து அழுத்தம் எடுக்கற ஹைட்ரோபூஸ்ட்டும் இருக்கு, அருமையான சாமான், காசும் அப்படித்தான். நீங்க சொல்ற சத்தத்தை வச்சுப் பாத்தா எனக்குத் தோணறது மேனுவல் டிஸ்க், 1 இன்ச் போர். கேஜ் வேற சொன்னா கேஜ் பேச்சைக் கேளுங்க.

பூஸ்டர் போடறதா இருந்தா பெடல் ஆர்ம்ல ரெண்டு ஓட்டை இருக்கான்னு பாருங்க, மேல இருக்கறது மேனுவலுக்கு, கீழ இருக்கறது பூஸ்டருக்கு. பூஸ்டர் ராடை மேல் ஓட்டையில மாட்டினா ராடு கோணலா நிக்கும், தொட்டதும் மூக்கு கண்ணாடியில இடிக்கற மாதிரி புடிக்கும். மேனுவல் வச்சுக்கறதா இருந்தா மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டன்ல குழி ஆழமா இருக்கணும். பூஸ்டருக்கான ஆழமில்லாத குழியில மேனுவல் ராடை வச்சா ஓட்டும்போது ராடு நழுவி விழலாம், பெடல் இருக்கும் பிரேக் இருக்காது. ராடுக்கும் பிஸ்டனுக்கும் நடுவுல ஒரு மயிரிழை விளையாட்டும் இருக்கட்டும், 1/16 இன்ச் சொல்லுவாங்க. அது இல்லன்னா ஃப்ளூயிட் திரும்பி வர்ற துளை மூடிக்கும், பத்து மைல் போறதுக்குள்ள பிரேக் தானா இறுகி புகை வரும்.

பழைய டிரம் மாஸ்டர் சிலிண்டரை வச்சே ஓட்டிடலாம்னு யாராவது சொன்னா கேக்காதீங்க. டிரம் அவுட்லெட்ல 10 பிஎஸ்ஐ அழுத்தத்தைப் புடிச்சு வைக்கிற ஒரு குட்டி வால்வ் இருக்கும், டிஸ்க்ல அது பேடை உரசவிட்டுக்கிட்டே இருக்கும். கூடவே டிஸ்க் டிரம்முக்கான காம்பினேஷன் வால்வ் கட்டாயம். பின் ஷூ ஸ்பிரிங்கைத் தள்ளிக்கிட்டு நகர்ற வரைக்கும் முன் டிஸ்க்கைக் கொஞ்சம் காக்க வைக்கும், பலமா மிதிக்கும்போது பின்னாடி அழுத்தம் ஏறறதை அடக்கும். இது இல்லன்னா பின் வீல் முதல்ல லாக் ஆகி வண்டி வால் சுத்தும்.

நீங்களே பண்ணலாமான்னா, பண்ணலாம், ரெண்டு வார இறுதி வச்சுக்கோங்க. லைன் முனையை ரெண்டா மடிச்சு விரிக்கற டபுள் ஃப்ளேர்தான், கம்ப்ரெஷன் ஃபிட்டிங் கூடவே கூடாது, வெறும் செம்புக் குழாயும் கூடாது, ஸ்டீல் இல்ல நிக்கல் கலந்த செம்பு. ஃப்ளேர் வரலன்னா அந்த வேலையை மட்டும் தெரிஞ்சவங்ககிட்ட குடுங்க. மாஸ்டர் சிலிண்டரை மாட்டறதுக்கு முன்னாடி வைஸ்ல வச்சு காத்து எடுத்துடுங்க. அப்புறம் தூரமா இருக்கற வீல்ல இருந்து ஆரம்பிங்க, பின் வலது, பின் இடது, முன் வலது, முன் இடது. முதல் தடவை நான் பண்ணினப்போ ரெண்டு பாட்டில் ஃப்ளூயிட் காலி, பெடல் பஞ்சு மாதிரியே இருந்துச்சு, ராத்திரி பதினோரு மணிக்கு டார்ச் அடிச்சுப் பாத்தா காத்தை வெளியேத்தற பிளீடர் ஸ்க்ரூ காலிப்பருக்கு அடியில இருக்கு. இடது காலிப்பரை வலதுல மாட்டியிருக்கேன், காத்து எல்லாம் மேல உக்காந்துக்கிட்டு என்னைப் பாத்து சிரிச்சிருக்கு. பிளீடர் எப்பவும் உச்சியில இருக்கணும்.

அதுக்கப்புறமும் பெடல் ஆழமா போச்சுன்னா புது டிஸ்க்கைத் திட்டாதீங்க, பின் டிரம் ஷூ தூரமா இருக்கும். லேசா உரசற அளவுக்கு கையால அட்ஜஸ்ட் பண்ணிட்டு, ரிவர்ஸ்ல போய்ப் போய் பிரேக் புடிங்க, ஆட்டோமேட்டிக் அட்ஜஸ்டர் ரிவர்ஸ்லதான் வேலை செய்யும். புது பேடை 30, 35 மைல்ல இருந்து மெதுவா ஒரு பத்து தடவை குறைச்சு, முழுசா நிறுத்தாம, பழக்கிட்டு ஆற விடுங்க. காலி பார்க்கிங் லாட்ல பலமா மிதிச்சு பின்னாடி முதல்ல லாக் ஆகலன்னு பாத்ததுக்கு அப்புறம்தான் ஐ-75. ஆகஸ்ட்ல பழைய கார்கள் ஊர்வலமா போற வுட்வர்ட் டிரீம் க்ரூஸ்ல ஊர்ந்துக்கிட்டே போகணும்னு ஆசை இருந்தா ஜூன்லயே ஆரம்பிச்சுடுங்க, ஏதாவது ஒரு ஃபிட்டிங் தப்பா வரும், திருப்பி அனுப்பி வாங்க நாள் ஆகும்.

கழட்டின முன் டிரம், ஹப், பழைய மாஸ்டர் சிலிண்டர் எதையும் காயலான்கடைக்குப் போடாதீங்க, ஒரு பெட்டியில போட்டு பேர் எழுதி வைங்க. நாளைக்கு வண்டியை விக்க நேர்ந்தா வாங்கறவர் முதல்ல கேக்கறது அந்தப் பெட்டியைத்தான்.