ஊட்டியா, ஊதியூரா?

(ஆழ்குழாய்க் கிணறு தோண்டும் போர் வண்டியோடு வடக்கே பல மாநிலம் சுற்றி ஓய்ந்து, இப்போது வேனையே வீடாக்கிக்கொண்டு மனைவியோடு ஊர் ஊராகப் போகும் திருச்செங்கோட்டுக்காரர் ஒருவர், வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் பகுதி.)

கேள்வி: அண்ணா, நானும் வீட்டுக்காரரும் டெம்போ டிராவலரை வீடாக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய்க்கொண்டே வேலையும் பார்க்கிறோம். அவருக்கு லேப்டாப் வேலை. அரையாண்டு லீவுக்கு அக்கா பிள்ளைகள் இரண்டு பேரும் எங்களோடு வந்து இருக்கப்போகிறார்கள். பத்து நாள் ஒரே இடத்தில் கூடாரம் அடித்துத் தங்கலாம் என்று ஆசை. அவர் ஊட்டி என்கிறார். நான் ஆழியாறு, இல்லாவிட்டால் திருமூர்த்தி மலை அடிவாரம் என்கிறேன். நீங்கள் எதைச் சொல்வீர்கள்?
– ஒரு வாசகி, பல்லடம்

பதில்: அம்மிணி, இரண்டும் வேண்டாம். காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவே ஊதியூர்ப் பக்கம் ஒரு கொறங்காட்டில் நிறுத்துங்கள். உங்கள் வீட்டுக்காரர் சிரிப்பார். சிரிக்கட்டும், காரணத்தைக் கேட்டுவிட்டுச் சிரிக்கச் சொல்லுங்கள்.

வீட்டில் இருக்கிறவர்களுக்கு லீவு விட்டால் எங்காவது கிளம்ப வேண்டும். நாமோ வருஷம் பூராவும் கிளம்பிக்கொண்டேதான் இருக்கிறோம். நமக்கு லீவு என்றால் பத்து நாள் சாவியைத் தொடாமல் இருப்பதுதான். ஒரு ராத்திரிக்கு என்றால் பெட்ரோல் பங்க் ஓரமே போதும். பத்து நாள் என்றால் காலை வெயில், மண், தண்ணீர், பக்கத்தில் ஒரு மளிகைக் கடை, ஒரு ஆஸ்பத்திரி என்று எல்லாம் பார்த்தாக வேண்டும். அழகு அதற்கப்புறம்.

முதலில் ஊட்டி. கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு, ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை அங்கே உறைபனி உண்டு. அந்தப் பனி மேட்டைவிடப் பள்ளத்தில்தான் அதிகம் விழும். குளிர்ந்த காற்று கனமானது. ராத்திரியில் சரிவு வழியாக இறங்கிப் பள்ளத்தில் வந்து தேங்கும். தலைகுந்தா, காந்தல் பக்கம் புல்லெல்லாம் விடியற்காலையில் வெள்ளையாகக் கிடப்பது அதனால்தான். வண்டி நிறுத்தச் சமதளமாக நமக்குக் கிடைப்பதும் அந்தப் பள்ளமாகத்தான் இருக்கும்! தகரக் கூரை ராத்திரியில் வெளிக்காற்றைவிடவும் சில்லிட்டுப் போகும். உள்ளே நாலு பேர் விடும் மூச்சு கூரையில் பட்டுத் தண்ணீராகிப் போர்வை மேல் சொட்டும். சன்னலை இரண்டு விரல் அகலம் திறந்து வைத்தால் சொட்டு நிற்கும், ஆனால் குளிர் உள்ளே வரும். சிலிண்டரில் இருக்கும் பியூட்டேன் அந்தக் குளிரில் சரியாக ஆவியாகாது, அடுப்பு சுணங்கும். அந்த உயரத்தில் தண்ணீரும் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது. இதெல்லாம் போகட்டும். கிறிஸ்துமஸ் வாரத்தில் ஊட்டி ரோட்டில் நிற்கும் வண்டி வரிசையில் மாட்டிக்கொள்வதற்கு என்ன லீவு வேண்டிக்கிடக்கிறது? உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே மாதத்தில் வந்த இ-பாஸ் நடைமுறையும் இருக்கிறது. ஒருநாள் ஏறிப் பார்த்துவிட்டு இறங்குங்கள், பிள்ளைகளுக்கு அது போதும்.

அடுத்து நீங்கள் சொல்லும் அடிவாரம். மார்கழியில் சூரியன் நேர் கிழக்கே உதிப்பதில்லை. தென்கிழக்கில் கிளம்பி, உச்சிப்பொழுதிலும் தெற்கே சாய்ந்தே போகும். ஆழியாறு, திருமூர்த்தி, அமராவதி மூன்றும் ஆனைமலைத் தொடரின் வடக்குக் காலடியில் இருக்கின்றன. மலையை ஒட்டி நிறுத்தினீர்கள் என்றால் காலை வெயில் தாமதமாக வரும், சாயங்கால நிழல் சீக்கிரம் விழும். சித்திரையில் அது சுகம். மார்கழியில் துணி காயாது, சோலார் பலகை பாதிதான் வேலை செய்யும், உங்கள் வீட்டுக்காரரின் லேப்டாப் மத்தியானத்தில் படுத்துவிடும். யானை நடமாட்டம் வேறு. மலையோரம் வாழையும் கரும்பும் போட்ட தோட்டம் எதுவானாலும் அதன் பக்கத்தில் கூடாரம் அடிக்கக் கூடாது, அவ்வளவுதான். அணைக்குக் கீழே ஆற்றுப் படுகையில் நிறுத்துவதும் கூடாது; மேலே தண்ணீர் திறந்தால் உங்களைத் தேடி வந்து சொல்ல ஆள் கிடையாது. லீவு நாளில் வால்பாறைக் கூட்டமும் மாலை போட்ட சாமிகளின் வண்டிகளும் ஆழியாறு ரோட்டில்தான் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி ஊதியூர். கொறங்காடு என்றால் பல்லடத்துக்காரரான உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்ற வாசகர்களுக்கு: அது மேய்ச்சல் காடு. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே அங்கங்கே வெள்வேல மரம், தரையெல்லாம் கொழுக்கட்டைப் புல். காங்கேயம் மாடும் செம்மறியும் மேய்வதற்கென்றே உழாமல் விட்ட தனியார் நிலம். ஐப்பசி, கார்த்திகை மழை பெய்திருந்தால் மார்கழியில் புல் பச்சையாக நிற்கும். வேலி இருப்பதால் பிள்ளைகள் ரோட்டுக்கு ஓட மாட்டார்கள். சுற்றிலும் வெட்டவெளி என்பதால் விடிந்ததும் வெயில் வண்டி மேல் விழும். ஜூன், ஜூலையில் அந்தப் பக்கம் மேற்கிலிருந்து அடிக்கும் மேல்காற்று ஆளைத் தள்ளும். காற்றாலைகள் சுற்றுவது அதை நம்பித்தான். மார்கழியில் கிழக்கிலிருந்து மெதுவாகத்தான் வீசும். கதவை மேற்குப் பார்த்து வைத்தால் அடுப்பு அணையாது.

மலை அடியை மட்டும் ஒட்டாதீர்கள். 2023-இல் ஊதியூர் மலையில் சிறுத்தை வந்து ஆடு, கன்றுகளைப் பிடித்தது. மலையிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, ஆள் குடியிருக்கும் தோட்டத்துச் சாளைக்கு (தோட்டத்து வீட்டுக்கு)க் கூப்பிடு தூரத்தில் இருங்கள்.

இடத்துக்குள் போனதும் ஒரு மரத்தைப் பிடியுங்கள். மரம் வண்டிக்கு மேற்கே இருக்க வேண்டும். அப்போதுதான் காலையில் வெயிலும் மத்தியானம் நிழலும் கிடைக்கும். சமவெளியில் மார்கழி மத்தியானமும் சுடும் என்பதை மறந்துவிட்டுத்தான் பலரும் கம்பளி மூட்டையோடு வருகிறார்கள். சோலார் பலகையைத் தெற்கே சாய்த்து வையுங்கள், தெற்குப் பக்கம் மரம் இருக்கக் கூடாது. பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் தென்னந்தோப்பு பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் மட்டையும் காயும் எப்போது விழும் என்று மரம் சொல்லிவிட்டு விழாது.

மண்ணையும் பாருங்கள். காங்கேயம் பக்கம் பெரும்பாலும் செம்மண் சரளை, மழை பெய்தாலும் சக்கரம் பிடிக்கும். உங்கள் பல்லடத்துக் கரிசலில் ஒரு மழைக்கே வண்டி உட்கார்ந்துவிடும். சந்தேகம் இருந்தால் கடப்பாரையால் ஒரு குத்துக் குத்துங்கள். சுலபமாக இறங்கினால் வண்டியும் இறங்கும். போர் வண்டியில் நாங்கள் முதலில் பார்ப்பதே இதைத்தான். அத்தனை டன் கனத்தை ஒரு முறை சேற்றிலிருந்து இழுத்தவன் அப்புறம் மண்ணைப் பார்க்காமல் பிரேக் போட மாட்டான்.

தண்ணீர்: ஆளுக்கு ஒரு நாளைக்குப் பதினைந்து லிட்டர் என்று சிக்கனமாக வைத்தாலும் நாலு பேருக்கு அறுபது. உங்கள் டேங்க் இருநூறு லிட்டர் என்றால் மூன்று நாள்தான். அந்தப் பக்கம் பல இடத்தில் ஆழ்குழாய்த் தண்ணீர் உப்பு. குளிக்க, பாத்திரம் கழுவ அது ஆகும். குடிக்க, சமைக்க இருபது லிட்டர் கேன் வாங்கிவிடுங்கள்.

பிள்ளைகளுக்கு ஒரே ஒரு கட்டளை: இருட்டினபின் டார்ச்சும் செருப்பும் இல்லாமல் கூடாரத்தை விட்டு இறங்கக் கூடாது. கண்ணாடி விரியன் குளிர்காலத்திலும் நடமாடும். கூடாரத்தின் ஜிப்பைப் பகலிலும் மூடியே வையுங்கள், வேலி ஓரம் அடிக்காதீர்கள். ஏதாவது ஆனால் கட்டுப்போடுவது, கீறிவிடுவது ஒன்றும் வேண்டாம், கடிபட்ட காலை அசைக்காமல் நேரே அரசு ஆஸ்பத்திரி. காங்கேயத்திலும் இருக்கிறது, தாராபுரத்திலும் இருக்கிறது. சாப்பாட்டுக்குக் கவலையே இல்லை, அரிசிம்பருப்பு ஒரே குக்கரில் முடிந்துவிடும். நெய் மட்டும் தாராளமாக ஊற்றுங்கள்.

கேள்வி: டிசம்பரில் மழை முடிந்திருக்கும்தானே? ஏரிக்கரையில் தங்கலாமா?
– வாசகர், ஓமலூர்

பதில்: வடகிழக்குப் பருவமழை டிசம்பரிலும் உண்டு. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபின் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியதும், ஏரி நிரம்பி வழிந்து ரோட்டோரம் நின்ற வண்டிகள் உருண்டு போனதும் உங்கள் பக்கத்து மாவட்டத்தில்தான். ஏற்காடு மலைப்பாதையும் அப்போது மண் சரிந்து அடைபட்டது. ஏரிக்குக் கீழே தங்காதீர்கள். கரைக்கு மேலே மேட்டில் என்றால் சரி. டிசம்பர் பாதி தாண்டட்டும், வானிலைச் செய்தியையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: குளிருக்கு வேனுக்குள் கரி அடுப்பு மூட்டிக்கொண்டு தூங்கலாமா?
– வாசகர், குன்னூர்

பதில்: கூடாது. கரி தணலாக இருக்கும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. தூக்கத்திலேயே ஆள் போய்விடும். கூடாரத்துக்கும் இதே பதில்தான். வெந்நீர்ப் பையைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு படுங்கள்.

கேள்வி: திம்பம் ஏறித் தாளவாடிப் பக்கம் காட்டோரம் கூடாரம் அடிக்க ஆசை. யாரிடம் கேட்க வேண்டும்?
– வாசகர், ஈரோடு

பதில்: காட்டுக்குள் என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் எங்கேயும் தங்க முடியாது. அது 2013-இல் அறிவிக்கப்பட்ட சத்தியமங்கலம் புலிகள் காப்பகம். திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் ராத்திரிப் போக்குவரத்துக்குத் தடை இருக்கிறது, ஆகையால் வெளிச்சத்திலேயே ஏறி முடியுங்கள். நடுவில் இறங்கிப் படம் எடுப்பது, தீ மூட்டுவது எதுவும் ஆகாது. மேலே ஊருக்குள் யாருடைய தோட்டத்திலாவது கேட்டுத் தங்கலாம். யானை அங்கேயும் வரும், ஊர்க்காரர் சொல்கிறபடி கேளுங்கள்.

கேள்வி: ஏன் தம்பி, வீடு வாசல் இருக்கிறவர்கள் இப்படி நாடோடி மாதிரி அலைவது நம்ம ஊருக்குப் பொருந்துமா?
– ஒரு பெரியவர், கோபிசெட்டிபாளையம்

பதில்: ஐயா, கிடை போடுகிற ஆட்டுக்காரர்கள் காலங்காலமாகக் குடும்பத்தோடு காடு காடாகத்தான் போகிறார்கள். எங்கள் ஊர்ப் பையன்கள் போர் வண்டியில் ஏறினால் மாசக்கணக்கில் ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம் என்று லாரி மேலேயே சமைத்து, லாரியிலேயே படுப்பார்கள். அவர்களை யாரும் நாடோடி என்று சொன்னதில்லை, சம்பாதிக்கப் போயிருக்கிறான் என்பார்கள். நானும் வீட்டம்மாவும் சம்பாதிக்காமல் போகிறோம், அதுதான் உங்களுக்கு உறுத்துகிறதோ என்னவோ!

கேள்வி: தோட்டத்துக்காரரிடம் இடம் கேட்பது எப்படி? பணம் கொடுக்கலாமா? கூச்சமாக இருக்கிறது.
– ஒரு வாசகி, அவிநாசி

பதில்: பொழுது சாய்வதற்கு முன்னால், நாலு மணி வாக்கில் போங்கள். வண்டியை ரோட்டிலேயே விட்டுவிட்டு, படலுக்கு வெளியே நின்று "ஏனுங்க, வீட்ல யாராச்சும் இருக்கீங்களா?" என்று குரல் கொடுங்கள். நாய் குரைத்து அடங்கட்டும், படலைத் திறக்க வேண்டாம். வீட்டுக்காரரோடு நீங்களும் போவது நல்லது. ஆண்பிள்ளை மட்டும் வந்து கேட்டால் ஆத்தாக்கள் யோசிப்பார்கள். எந்த ஊர், யார் வீடு என்று விசாரிப்பார்கள், பொறுமையாகச் சொல்லுங்கள். எத்தனை நாள் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஒரு நாள் என்று சொல்லி உள்ளே போய்ப் பத்து நாள் இருக்கிறவர்களால்தான் அடுத்து வருகிறவர்களுக்கு இடம் கிடைப்பதில்லை.

பணத்தை நீட்டினால் பெரும்பாலும் வாங்க மாட்டார்கள், சில பேருக்குக் கோபமும் வரும். பாலும் முட்டையும் இளநீரும் அவர்களிடமே விலைக்கு வாங்குங்கள். மோட்டார் போட்டுத் தண்ணீர் எடுக்கும்போது கேட்டுவிட்டு எடுங்கள். கக்கூஸ் தொட்டியை அவர்கள் நிலத்தில் திறந்துவிடுவதை நினைத்தும் பார்க்கக் கூடாது. போகிற வழியில் செப்டிக் டேங்க் இருக்கும் இடத்தில் கேட்டு ஊற்றுங்கள். குப்பையை மூட்டை கட்டி வண்டியிலேயே எடுத்துப் போங்கள், குறிப்பாக பிளாஸ்டிக் பையை. மாடு அதைத் தின்றுவிட்டால் அந்தத் தோட்டத்துக்கு நீங்கள் மட்டுமல்ல, நானும் போக முடியாது.