மேடையேறாத நாடகத்தைப் போட்டிக்கு அனுப்புவது எப்படி?

கேள்வி: நான் பேரணாம்பட்டில் ஒரு ஷூ கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். அதே தொழிலில் பல ஆண்டுகள் அப்பர் (ஷூவின் மேல்பகுதி) தைத்த என் அம்மாவை மனத்தில் வைத்து ஒரு நாடகம் எழுதியிருக்கிறேன். வளரும் நாடக ஆசிரியர்களுக்கான போட்டி ஒன்றின் அறிவிப்பைப் பார்த்தேன். பிரதி மேடையேறாததாகவும், 90 நிமிடத்துக்குள் நடிக்கக்கூடியதாகவும் இருக்க வேண்டும், எழுதியவர் பெயர் அதில் இருக்கக் கூடாது, கட்டணம் 500 ரூபாய் என்று போட்டிருக்கிறார்கள். சிறு வயதில் பார்த்த தெருக்கூத்தைத் தவிர எனக்கு நாடகம் தெரியாது. ஒரு காட்சியை மட்டும் எங்கள் தெருப் பிள்ளைகள் பொங்கல் விழாவில் நடித்தார்கள். நான் கலந்துகொள்ளலாமா? கதையை யாராவது எடுத்துக்கொண்டால் என்ன செய்வது? முதல் காட்சியை இணைத்திருக்கிறேன்.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

தாராளமாகக் கலந்துகொள்ளுங்கள். ஆனால் உங்கள் நாடகத்தை நாலு பேர் வாய்விட்டுப் படிக்க, நீங்கள் உட்கார்ந்து கேட்காமல் அனுப்பாதீர்கள். நீங்கள் இணைத்திருக்கும் காட்சியை இரண்டு முறை படித்த பிறகே இதைச் சொல்கிறேன்.

கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வரும் அம்மா வாசற்படியில் உட்கார்ந்து, விரல் நுனியில் காய்ந்துபோன பசையைச் சுரண்டிக்கொண்டே மகளின் கல்லூரிக் கட்டணத்துக்குக் கணக்குப் போடுகிறார். அருமையான தொடக்கம். ஒரு வசனமும் இல்லாமலேயே அந்த வீட்டின் நிலைமை முழுவதும் நமக்குத் தெரிந்துவிடுகிறது. ஆனால் அடுத்த வரியிலேயே அவர், “நான் மிகவும் களைப்பாக இருக்கிறேன், மகளே” என்கிறார். பேரணாம்பட்டில் எந்தத் தாய் இப்படிப் பேசுவார்? “காலு ரெண்டும் கழண்டு போற மாரி கீது கண்ணு” என்று அவர் சொன்னால்தான் அந்தப் பெண்மணி நம் முன்னால் உட்கார்ந்திருப்பார். நடுவர்கள் வெளியூர்க்காரர்களாக இருப்பார்களே என்று தயங்க வேண்டாம். வட ஆர்க்காட்டுப் பேச்சு புரியாமல் போகிற தமிழ் வாசகர் எவரும் இல்லை. அதற்கும் கீழே, “தன் இளமைக் காலத்தை நினைத்து வருந்துகிறார்” என்று அடைப்புக்குறிக்குள் ஒரு குறிப்பு எழுதியிருக்கிறீர்கள். சிறுகதையில் இது போதும். மேடையில், பத்தாவது வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்த நினைப்பு எப்படித் தெரியும்? அம்மா எதையாவது செய்ய வேண்டும், அல்லது செய்துகொண்டிருந்ததை நிறுத்த வேண்டும். பசையைச் சுரண்டும் விரல் நின்றுவிட்டாலே போதும்.

கூத்தைத் தவிர வேறெதுவும் தெரியாது என்று குறைபட்டுக்கொள்கிறீர்கள். அது எனக்கு வருத்தமாக இருந்தது. கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவை 1977இல் தொடங்கிய ந. முத்துசாமி, நவீன நாடகத்துக்கான வழியைத் தேடி வந்தது நம் பழைய வட ஆர்க்காடு மாவட்டத்துப் புரிசைக் கண்ணப்பத் தம்பிரானின் கூத்தைத்தான். ஒரு பாத்திரத்தை அவைக்கு எப்படி அறிமுகம் செய்வது என்பது புதிதாக எழுதுகிற எல்லோரையும் திணறவைக்கும் சிக்கல். இரண்டு பேர் பிடித்திருக்கும் திரைக்குப் பின்னாலிருந்து துரியோதனன் பாடிக்கொண்டு வருவதும், கூத்தை நடத்திச் செல்லும் கோமாளியான கட்டியக்காரன், வருவது யார் என்று கேட்பதும், தான் இன்னார் என்று அவரே சபைக்குச் சொல்வதும் அந்தச் சிக்கலுக்குக் கூத்து கண்ட விடை. உங்கள் நாடகத்தில் சூப்பர்வைசர் வரும் காட்சி இருக்கும் என்று நினைக்கிறேன். அங்கே ஒரு கட்டியக்காரன் நின்று அவரைக் கேள்வி கேட்டால் என்ன ஆகும் என்று எழுதிப் பாருங்கள். பொருந்தாவிட்டால் எடுத்துவிடலாம்.

வாசிப்புக்கு நடிகர்கள் தேவையில்லை. உடன் வேலை பார்ப்பவர்கள் மூன்று நான்கு பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தால் போதும். முடிந்தால் உங்கள் அம்மாவும் பக்கத்தில் இருக்கட்டும். நீங்கள் எந்தப் பாத்திரத்தையும் படிக்காதீர்கள், நடுவில் விளக்கம் சொல்லவும் வேண்டாம். நாக்கு இடறும் இடத்தையும் கேட்பவர்கள் கைப்பேசியைப் பார்க்கத் தொடங்கும் இடத்தையும் பென்சிலால் குறித்துக்கொண்டே இருங்கள். கடிகாரத்தையும் பாருங்கள். 110 நிமிடம் ஓடினால் எழுத்தைச் சிறிதாக்கிப் பக்கத்தைக் குறைப்பதில் பயனில்லை, காட்சியைத்தான் வெட்ட வேண்டும். பெரும்பாலும் ஒரு காட்சியில் நடந்துவிட்டதை அடுத்த காட்சியில் யாராவது இன்னொருவருக்குச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். முதலில் அங்கே கை வையுங்கள்.

பொங்கல் விழாவில் ஒரு காட்சியை நடித்ததை மறைக்காதீர்கள். ஒரு காட்சி நடிக்கப்பட்டதால் முழு நாடகமும் மேடையேறியதாகுமா என்று அமைப்பாளர்களுக்கே மின்னஞ்சலில் கேட்டு, அவர்கள் அனுப்பும் பதிலைப் பத்திரப்படுத்துங்கள். பெயர் இருக்கக் கூடாது என்ற விதியில் பலர் சறுக்குகிறார்கள். முதல் பக்கத்தில் பெயரை எடுத்துவிட்டுக் கோப்புக்குத் தங்கள் பெயரையே வைத்துவிடுவார்கள். வேர்டு கோப்பின் விவரங்களில் எழுதியவர் பெயர் தானாகவே பதிவாகியிருக்கும், அதையும் நீக்குங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்திருந்தால் எதிர்முனையில் வெறும் ஆங்கிலக் குறிகளாகத் தெரியக்கூடும். யூனிகோடுக்கு மாற்றிப் பிடிஎஃப் ஆக அனுப்புங்கள்.

இனி, கதை களவு போகும் என்ற பயம். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, நீங்கள் எழுதிய கணத்திலேயே நாடகத்தின் உரிமை உங்களுடையது. பதிவு செய்வது கட்டாயமில்லை. செய்துகொண்டால் வழக்கு என்று வரும்போது சான்றாக உதவும், நாடகப் பிரதிக்கு அதன் கட்டணம் 500 ரூபாய். ஆனால் ஒரு ஷூ கம்பெனித் தொழிலாளியைப் பற்றிய நாடகம் என்ற கருவுக்குப் பாதுகாப்புக் கிடையாது. நீங்கள் எழுதிய காட்சிகளுக்கும் வசனங்களுக்கும்தான் உண்டு.

திருட்டைவிட நான் அஞ்சுவது விதிமுறைகளின் கடைசிப் பக்கத்தை. அனுப்பப்படும் பிரதிகளின் எல்லா உரிமைகளும் அமைப்பாளர்களுக்கே என்று அங்கே எழுதியிருந்தால், பரிசு எவ்வளவாக இருந்தாலும் அனுப்பாதீர்கள். வெற்றி பெற்ற நாடகத்தை முதல் முறை மேடையேற்றும் உரிமையை மட்டும் கேட்டால் அது நியாயமே. உரிமையை மாற்றித் தருவதென்றால் எழுத்தில், உங்கள் கையெழுத்துடன், எந்த உரிமை, எத்தனை ஆண்டுகளுக்கு என்ற விவரங்களோடு இருக்க வேண்டும் என்கிறது சட்டம். 500 ரூபாய் கட்டணம் உங்களுக்குச் சுமையானால் சலுகை உண்டா என்று கேளுங்கள், கேட்பதில் கூச்சம் எதற்கு? விதிமுறைகளில் ஏதேனும் ஒரு வரி விளங்காவிட்டால், பணம் கட்டும் முன்பே அந்தப் பக்கத்தை எனக்கு அனுப்பிவையுங்கள்.