ஹீலியம்: குண்டூர் கிரகணம் முதல் லண்டன் ஆய்வகம் வரை – கேள்வி பதில்

ஹீலியம் கண்டறியப்பட்ட வரலாறு பற்றி உறுப்பினர்கள் கேட்டவையும் அவற்றுக்கான பதில்களும்.

கேள்வி: "ஹீலியத்தைக் கண்டுபிடித்தவர் ஜான்சன், இடம் குண்டூர், ஆண்டு 1868" என்று பொது அறிவுப் புத்தகங்களில் இருக்கிறதே, சரியா ஐயா?

பதில்: பாதிதான் சரி. 1868 ஆகஸ்ட் 18 முழு சூரிய கிரகணத்தின்போது பிரெஞ்சு வானியலாளர் பியர் ஜான்சன் குண்டூரில், ஒளியை நிறங்களாகப் பிரித்துக் காட்டும் நிறமாலைமானியோடு இருந்தார். சூரிய விளிம்பில் எழும் சுவாலைகளின் ஒளி தனித்தனிப் பிரகாசக் கோடுகளாகப் பிரிவதைக் கண்டார். சுவாலைகள் ஒளிரும் வாயு, அதிலும் பெரும்பகுதி ஹைட்ரஜன் என்பது அதிலிருந்து தெரிந்தது. புதுத் தனிமம் என்று அவர் எதையும் அறிவிக்கவில்லை. அவருடைய பெரிய சாதனை மறுநாள் நடந்தது. கிரகணம் முடிந்த பிறகும் அதே சுவாலைகளைப் பார்த்துவிட்டார்.

கேள்வி: பட்டப்பகலில் அது எப்படி முடியும்?

பதில்: சுவாலையை மறைப்பது வானத்தில் சிதறும் சூரிய ஒளி. அதில் எல்லா நிறமும் உண்டு. அதனால் முப்பட்டகத்தில் விழுந்ததும் நீளமாகப் பரவி மங்கிவிடும். சுவாலையின் ஒளியோ ஒருசில அலைநீளங்களில் மட்டும் இருப்பது. எத்தனை முப்பட்டகம் சேர்த்தாலும் அந்தக் கோடுகள் பரவுவதில்லை. பின்னணி மங்க மங்கக் கோடு எடுப்பாகத் தெரியும். செய்ய வேண்டியது, சூரிய பிம்பத்தின் விளிம்பை ஒட்டி நிறமாலைமானியின் பிளவை (ஒளி நுழையும் மெல்லிய இடுக்கை) வைப்பதுதான்.

இங்கிலாந்தில் வானியலாளர் நார்மன் லாக்கியரும் 1866-லேயே இதை யோசித்திருந்தார். தகுந்த கருவி கைக்கு வந்தது 1868 அக்டோபரில். அந்த மாதம் 20-ஆம் தேதி அவரும் பார்த்தார். இருவருடைய செய்தியும் பாரிஸ் அறிவியல் கழகத்துக்கு ஒரே நாளில் போய்ச் சேர்ந்தன. கழகம் இருவர் உருவத்தையும் பொறித்துப் பதக்கம் வெளியிட்டது. எனக்கு அது மிகவும் நியாயமான முடிவாகப் படுகிறது.

கேள்வி: சென்னை வானாய்வகத்துக்கு இதில் பங்கு உண்டா?

பதில்: உண்டு. அதன் தலைவர் நார்மன் போக்சன் மசூலிப்பட்டினத்திலிருந்து அதே கிரகணத்தைப் பார்த்து, பின்னாளில் ஹீலியத்தினுடையது என்று தெரிந்த மஞ்சள் கோட்டையும் குறித்துவைத்தார்.

கேள்வி: அந்த மஞ்சள் கோடு சோடியம் இல்லை என்று எப்படித் தெரிந்தது?

பதில்: சோடியத்துக்கு இரண்டு கோடுகள்: 589.0, 589.6 நானோமீட்டர். சுவாலையின் கோடு 587.6. கிரகணத்தின் சில நிமிடங்களில் இவ்வளவு சிறிய வித்தியாசத்தை அளப்பது கடினம். பகலில் நிதானமாகப் பார்க்கும் முறை வந்த பிறகே லாக்கியரால் உறுதியாகச் சொல்ல முடிந்தது. ஹைட்ரஜன்தான் வேறு நிலையில் இப்படி ஒளிர்கிறதோ என்று வேதியியலாளர் பிராங்க்லாந்துடன் சேர்ந்து சோதித்தார். ஆய்வகத்தில் ஹைட்ரஜனிலிருந்து அந்தக் கோடு வரவில்லை.

இன்னொரு குழப்பமும் இருந்தது. சோடியத்துக்குச் சூரிய நிறமாலையில் கருங்கோடு (ஒளி உறிஞ்சப்பட்ட இடம்) உண்டு, இந்தப் புது மஞ்சள் கோட்டுக்கு இல்லை. காரணம், இந்த அலைநீளத்தை உறிஞ்ச ஹீலியம் அணு ஏற்கெனவே சுமார் 21 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் பெற்றுக் கிளர்வுற்றிருக்க வேண்டும். சுமார் 5,800 கெல்வின் வெப்பநிலையுள்ள ஒளிமண்டலத்தில் (நாம் காணும் சூரியப் பரப்பில்) அப்படிப்பட்ட அணுக்கள் இல்லாத மாதிரிதான்.

கேள்வி: பூமியில் அதைப் பிடித்தது ராம்சேதானே? என்ன செய்தார்?

பதில்: ஆமாம், வேதியியலாளர் வில்லியம் ராம்சேதான், 1895 மார்ச்சில், லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியில். அவர் தேடியது ஆர்கான் வாயுவை. கிளீவைட் என்ற யுரேனியக் கனிமத்தை நீர்த்த கந்தக அமிலத்தில் கொதிக்கவைத்து, வெளிவந்த வாயுவைச் சேகரித்தார். அதோடு ஆக்சிஜன் கலந்து, சோடாக் கரைசலின் மேல் மின்பொறி பாய்ச்சினார். நைட்ரஜன் ஆக்சைடாகிச் சோடாவில் கரைந்தது. மிஞ்சிய ஆக்சிஜனைக் காரப் பைரோகலால் என்ற கரைசல் உறிஞ்சியது. எஞ்சிய வாயுவை வெற்றிடக் குழாயில் ஒளிரவைத்தபோது மஞ்சள் கோடு வந்தது, சோடியத்தோடு பொருந்தவில்லை. நிறமாலை வல்லுநர் வில்லியம் குரூக்ஸ் அளந்து பார்த்து 587.49 நானோமீட்டர் என்றார், அதாவது சுவாலையின் அதே கோடு.

கேள்வி: அதற்கு முன்பே அமெரிக்காவில் வேதியியலாளர் ஹில்லிபிராண்ட் இதே வாயுவை எடுத்தாராமே?

பதில்: எடுத்தார், நைட்ரஜன் என்று முடிவுகட்டிவிட்டார். அவர் வாயுவில் நைட்ரஜனும் கலந்திருந்தது. அதன் பட்டைகளே நிறமாலையில் ஓங்கித் தெரிந்தன. ராம்சே பொறி பாய்ச்சி நைட்ரஜனை நீக்கியது இதனால்தான் முக்கியம்.

கேள்வி: கல்லூரி ஆய்வகத்தில் இந்த வித்தியாசத்தை நாமே பார்க்க முடியுமா?

பதில்: முடியும். சோடியம் விளக்கு, ஹீலியம் மின்னிறக்கக் குழாய், உலோகப் பூச்சு உரித்த டிவிடி துண்டு போதும். டிவிடியின் நெருக்கமான தடங்கள் ஒளியை நிறங்களாகப் பிரிக்கும்; அவற்றின் இடைவெளி 0.74 மைக்ரோமீட்டர். இரண்டு சவர பிளேடுகளை 0.2 மி.மீ. இடைவெளியில் ஒட்டிப் பிளவாக்கி, டிவிடி துண்டிலிருந்து 20 செ.மீ. தள்ளி வையுங்கள். அப்போது கோட்டின் அகலம் சுமார் 0.7 நானோமீட்டர், சோடியத்துக்கும் ஹீலியத்துக்கும் உள்ள 1.4 நானோமீட்டர் இடைவெளி தெரிந்துவிடும். பலர் 1 மி.மீ. பிளவு வைக்கிறார்கள், கோடு 3.7 நானோமீட்டர் அகலமாகி இரண்டும் ஒன்றாகிவிடும். தடங்கள் வளைந்தவை என்பதால் வெளிவிளிம்பிலிருந்து 1 செ.மீ. துண்டு மட்டும் வெட்டுங்கள். ஹீலியம் குழாய் ஆயிரக்கணக்கான வோல்ட்டில் இயங்குவது. ஆய்வக உதவியாளர் இல்லாமல் தொடாதீர்கள். இந்தக் கருவியைச் சூரியனை நோக்கித் திருப்பவே கூடாது.